அரிக்கமேட்டு ஓடுகள்

புதுச்சேரி நகரில், பாரதி பூங்காவுக்கு அண்மையில், பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய இல்லமொன்றில் ஒரு சிறிய நூதனசாலை அமைந்துள்ளது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும், பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் பல்லக்கு முதலிய ஊர்திகளும் அங்கே செல்வோர் கண்ணை முதலிற் கவர்வன. அவற்றைக் கடந்து வந்து, உடைந்த மட்கலத் துண்டுகளும் சிறு மணிகளும் வைக்கப்பட்ட பேழைகளின் முன் நின்று நோக்குவோர் சிலரே. அழகென்று சொல்லத்தக்கது அத்துண்டுகளில் அதிகமில்லை என்பது உண்மையே. ஆயினும் தென்னிந்தியாவினதும் ஈழத்தினதும் பண்டைய வரலாற்றுக்குக் காலவரையறை காணும் முயற்சி பெரும்பாலும் இவ்வோடுகளைக் கொண்டே தொடங்கிற்று. அம்முயற்சியில் நேர்ந்த பெரும் பிழையொன்றும் இவ்வோடுகளைப் பற்றியதே. ஆகவே, இவற்றை எவ்வாறு படிப்பது என அறிந்தபின் அங்கே செல்பவர், அறியாது செல்பவரினும் பன்மடங்கு கண்டு திரும்புவர்.

அரிக்கமேடு என்பது புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கிலோமீற்றர் தொலைவில், அரியாங்குப்பம் ஆறு கடலை அணுகுமிடத்தில், அதன் வலக்கரையில் உயர்ந்து கிடக்கும் மேட்டு நிலம். அருகன்மேடு என்ற பெயரே அவ்வாறு திரிந்தது என்பர் சிலர். மரங்கள் செறிந்த அத்தோப்பினிடையே இன்றும் செங்கற் சுவர்கள் சில நிற்கின்றன. அவை யவனர் கட்டியவையல்ல. 18ஆம் நூற்றாண்டிற் பிரெஞ்சுக் குருமார் நடத்திய குருமடமொன்றின் எச்சங்கள். அச்சுவர்களையே யவனர் மாளிகை எனக் கருதி, அவற்றின் முன் நின்று படம் பிடித்துக்கொண்டு மனநிறைவோடு மீளுவோர் உளர். அகழ்வாராய்ச்சிக் குழிகளோ மீண்டும் மண்ணிட்டு மூடப்பட்டுவிட்டன. தலத்திற் காணத்தக்கது மேடும் ஆறுமே; ஏனைய யாவும் நூதனசாலைகளுக்குச் சென்றுவிட்டன.

இவ்விடத்தைப் பற்றி முதலில் எழுதிவைத்தவர் லெ ஜெந்தில் என்னும் பிரெஞ்சு வானநூலறிஞர். சூரியனைச் சுக்கிரன் கடக்குங் காட்சியைக் காணும்பொருட்டு ஆண்டுக்கணக்கிற் காத்திருந்து, 1769ஆம் ஆண்டில் அந்நேரம் வந்தபோது புதுச்சேரி வானத்தை மேகம் மூடிக்கொள்ள, ஒன்றுங் காணாது திரும்பிய நல்வினையிலி அவர். வானத்திற் காணாததற்கு ஈடாக மண்ணிற் கண்டார் போலும். வீராம்பட்டினத்துக்கு அணித்தாக ஆற்றங்கரையிலே ஊரார் பெரிய பழஞ் செங்கற்களைப் பெயர்த்தெடுப்பதை அவர் குறித்துள்ளார். பின்னர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இச்செய்தியை எவரும் பொருட்படுத்தவில்லை. 1930களில், புதுச்சேரியில் வாழ்ந்த பேராசிரியர் ஜூவோ துப்ரேய், ஊர்ச் சிறுவர் மேட்டிற் பொறுக்கிய மணிகளையும் ஓடுகளையும் தேடிப் பெறலானார். அவ்வாறு பெற்றவற்றுள் மனிதத் தலையொன்று குடைந்து செதுக்கப்பட்ட மணிக்கல்லும் ஒன்று. அது உரோமப் பேரரசன் அகஸ்தஸின் தலை எனக் கருதப்பட்டது. அதன்பின் பிரெஞ்சு ஆட்சியினர் சிறு அளவிலான அகழ்வுகளை நடத்தினர்.

1944ஆம் ஆண்டு இந்தியத் தொல்பொருட்டுறையின் தலைவராகப் பதவியேற்ற மோட்டிமர் வீலர், சென்னை நூதனசாலையின் பேழையொன்றைத் திறந்து பார்த்தபோது உடைந்த சாடிப் பிடியொன்று அவர் கைக்கு அகப்பட்டது. உரோமர் நாட்டு அகழ்வுகளிற் பழகிய அவருக்கு, அது மத்தியதரைக் கடல் நாடுகளில் மதுவும் எண்ணெயும் நிரப்பியனுப்பும் அம்போரா என்னும் சாடியின் பிடியென்பது உடனே விளங்கிற்று. எங்கே கிடைத்ததென வினவி, அரிக்கமேடு என அறிந்து புதுச்சேரி விரைந்தார். அங்கே நூலகத்தில் வைக்கப்பட்டிருந்த ஓடுகளுள், செம்பவழ நிறத்தில் மெருகேறிய துண்டுகள் சிலவற்றைக் கண்டார். அவை இத்தாலி நாட்டு ஓடுகள். மறுஆண்டு, 1945இல், அவரே அரிக்கமேட்டில் அகழ்வு நடத்தினார்.

அச்செந்நிற ஓடுகள் அவருக்கு ஏன் பொன்னினும் அரியனவாயின என்பதை விளக்குதல் வேண்டும். இத்தாலியின் அரெற்சோ நகரிற் செய்யப்பட்டமையால் அரெற்றைன் எனப் பெயர்பெற்ற இக்கலங்கள், செல்வர் உணவு மேசைக்குரியவை. அவற்றின் அடியிலே குயவன் தன் பெயர் முத்திரையைப் பதிப்பது வழக்கம். விபி, கமூரி, இற்றா என்றவாறு முத்திரை பொறித்த துண்டுகள் அரிக்கமேட்டிற் கிடைத்துள்ளன. எந்தக் குயவனுடைய பட்டறை எந்த ஆண்டுகளில் நடந்ததென்பதை ஐரோப்பிய ஆய்வாளர் ஏலவே கணித்திருந்தனர். கி. பி. 1ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இக்கலத்தின் சிறப்புக் காலம் முடிந்துவிட்டது. ஆகவே, இவ்வோடு கிடக்கும் மண்ணடுக்கின் காலம் ஏறத்தாழத் துணியப்படும். அக்காலத்திலே தென்னாட்டு வரலாற்றாசிரியருக்கு இத்தகைய பிடிமானம் வேறில்லை. சங்க நூல்கள் உண்டு. ஆனால் அவற்றில் ஆண்டுக் குறிப்பில்லை. கல்லறைகள் உண்டு, அவற்றிலும் காலங்காட்டும் பொருளில்லை. கரியத்தைக் கொண்டு காலங்கணிக்கும் முறையோ அன்று தோன்றவில்லை. ஊரிலுள்ள எல்லாக் கடிகாரங்களும் நின்றுபோன வேளையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரேயொரு கடிகாரம் கிடைத்தாற் போன்றது அந்த அரெற்றைன் ஓடு.

வீலர் அக்கடிகாரத்தைக் கொண்டு ஏனையவற்றையுந் திருத்த முற்பட்டார். அரெற்றைன் ஓடுகளோடு அரிக்கமேட்டில் மற்றொரு வகைக் கலமும் மிகுதியாகக் கிடைத்தது. அகன்ற வாயும் தட்டையான அடியும் கொண்ட தட்டு அது. சாம்பல் அல்லது கருநிறம். தட்டினால் உலோகம் போல் ஒலிக்கும் மெல்லிய உடல். உட்புறத்து அடியிலே நுண்ணிய புள்ளிக் கோடுகள் வளையம் வளையமாக ஓடும். கலம் ஈரமாயிருக்கையில் பற்கள் கொண்ட சிறு சில்லை உருட்டியோ, நெகிழும் தகட்டை அதிரவிட்டோ இக்கோலம் இடப்பட்டிருத்தல் வேண்டும். ஆய்வாளர் இதனை ரூலெற்றட் கலம் என்பர். சில்லுக்கோலக் கலம் எனத் தமிழிற் கூறலாம். இக்கோல முறை மத்தியதரைக் கடல் நாடுகளில் வழங்கியதொன்றாதலின், இக்கலமும் அங்கிருந்து வந்தது, அன்றேல் அதனைப் பார்த்துச் செய்யப்பட்டது என வீலர் கொண்டார். அரிக்கமேடு அவர் பார்வையில் ‘இந்திய உரோம வணிகத் தலம்’ ஆயிற்று. 1946இல் வெளியான அவரது அறிக்கையின் தலைப்பும் அதுவே. யவனர் வருகைக்குமுன் அவ்விடம் பொருட்படுத்தத்தக்கதொரு பட்டினமாக இருக்கவில்லை என்பது அதன் உட்கருத்து.

இம்முடிவு அரிக்கமேட்டோடு நிற்கவில்லை. 1947இல் கன்னட நாட்டுப் பிரமகிரியில் வீலர் அகழ்ந்தபோது, அங்கே கிடைத்த சில்லுக்கோல ஓடுகளுக்குக் கி. பி. 1ஆம் நூற்றாண்டு என நாள் குறித்து, அவற்றின் கீழடுக்கிற் கிடந்த பெருங்கற்காலப் பண்பாட்டிற்கும் அதிலிருந்தே காலங் கணித்தார். இவ்வாறு ஓரோட்டிலிருந்து ஓரூர், ஓரூரிலிருந்து ஒரு பண்பாடு எனச் சங்கிலி நீண்டது. முதற் கணு வலியதே. இரண்டாவது கணு, அதாவது சில்லுக்கோலக் கலம் யவனர் வழிவந்தது என்பது, ஆய்ந்து பெற்ற முடிபன்று. தோற்றத்தைக் கண்டு கொண்ட துணிபு.

வீலருக்குப்பின் 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கசால் அங்கு அகழ்ந்தார். ஆயினும் பழைய கருத்தை அடியோடு அசைத்தவர் விமலா பெக்லி என்னும் பெண்ணறிஞர். இவர் அரிக்கமேட்டுக்கு வருமுன் ஈழத்தில் ஆராய்ந்தவர் என்பது யாழ்ப்பாணத்தார் அறிந்து மகிழத்தக்கது. 1967இல் வட இலங்கைத் தொல்லியற் களவாய்வு பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் சுன்னாகத்துக்கு அருகிலுள்ள கந்தரோடையில் நடத்திய அகழ்விலும் அவருக்குப் பங்குண்டு. கந்தரோடையிலும் அநுராதபுரத்திலும் சில்லுக்கோல ஓடுகள் கிடைக்கின்றன. அரெற்றைன் ஓட்டின் துணையின்றிக் கிடைக்கின்றன. உரோமர் கலத்தின் பின்னே வந்த நிழல்தான் சில்லுக்கோலக் கலமென்றால், நிழல்மட்டும் தனியே இத்துணை ஊர்களில் அலைவது எங்ஙனம்? 1983இல் பெக்லி வெளியிட்ட கட்டுரையில், வீலரது மண்ணடுக்குப் படங்களையே மீண்டும் நுணுகி ஆராய்ந்து, சில்லுக்கோலக் கலம் கி. மு. 2ஆம் நூற்றாண்டளவிலேயே வழக்கிலிருந்தது எனவும், உரோம வணிகம் தழைக்குமுன்னரே அரிக்கமேட்டில் மக்கள் வாழ்ந்து தொழில் செய்தனர் எனவும் நிறுவினார். 1989 முதல் 1992 வரை அவர் தலைமையில் நடந்த புதிய அகழ்வுகள் அதனை உறுதிசெய்தன. பிற ஆய்வாளர் இக்கலத்தின் களிமண்ணைச் சோதித்து, அது இந்திய மண்ணே எனக் கண்டனர். எந்த ஆற்றுப்படுகையின் மண் என்பதிற் கருத்து வேற்றுமை உண்டு; வங்கநாட்டு மண் எனக் கொள்வாரும் உளர். இந்தோனேசியாவின் பாலித்தீவில் செம்பிறான் என்னுமிடத்திலும் இத்தட்டின் துண்டுகள் கிடைத்திருத்தலால், வங்கக் கடலைச் சூழ்ந்த கரைகளெங்கும் அது சென்றமை தெளிவு. அரிக்கமேட்டுப் பேழையில் யாது மிகவும் யவனமாகத் தோன்றியதோ, அதுவே யவனமன்று.

பேழையின் முன் நிற்பவர் இவ்விரு வகை ஓடுகளையும் அருகருகே நோக்குதல் வேண்டும். அரெற்றைன் ஓடு எண்ணிக்கையிற் சில. சில்லுக்கோல ஓடு பல. ஒன்று கடல்கடந்து வந்த விருந்து. மற்றது வீட்டுப் புழக்கம். அம்போராத் துண்டுகளையும் ஒருங்கே காணலாம். அச்சாடியின் அடி கூராக இருக்கும், தரையில் நிற்காது, கப்பலின் அடித்தளத்தில் நெருக்கி அடுக்குதற்கு ஏற்றது. அரிக்கமேட்டு அம்போராக்களை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், கிரேக்கத்துக் கோஸ் தீவின் மதுச்சாடி வகை அவற்றுள் மிகுந்திருத்தலையும், எண்ணெய்ச் சாடிகளும் மீன்சாறு கொணர்ந்த சாடிகளும் சில உண்மையையும் எடுத்துக் காட்டினார். புறநானூற்றில் யவனர் நன்கலம் தந்த தேறல் பாண்டியன் நன்மாறனுக்குரியதாகக் கூறப்படுவதைக் கற்ற மாணவர், அத்தேறல் வந்த கலத்தின் கழுத்தை ஈண்டு கண்ணாற் காணலாம்.

ஓடுகளுக்கு அடுத்துக் கருதத்தக்கவை மணிகள். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் எனக் கடுகினுஞ் சற்றே பெரிய கண்ணாடி மணிகளும், சூதுபவளம், பளிங்கு முதலிய கல்மணிகளும் அரிக்கமேட்டில் ஏராளம். அவற்றுள் வேலை முற்றுப்பெறாதனவும் கழிவுத் துண்டுகளும் இருத்தலால், மணிகள் அங்கேயே செய்யப்பட்டன என்பதில் ஐயமில்லை. கண்ணாடியைக் குழையவைத்து நீண்ட குழாயாக இழுத்துப் பின் துண்டு துண்டாக நறுக்கும் நுட்பம் அது. இதே வகை மணி செய்தமைக்கான சான்று ஈழத்தின் மாதோட்டத்திலும் உண்டு. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அங்கு நடந்த அகழ்வு நாட்டுக் கலவரத்தால் நின்றுபோக, அதன் அறிக்கை 2013ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. கேதீச்சரத்தை வணங்கச் செல்வோர் காலடியில் இருப்பது எத்தகைய பட்டினம் என்பதை அறிய ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அரிக்கமேட்டில் வீலர் அகழ்ந்த கட்டடங்களைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. வடபகுதியில் நீண்ட செங்கற் கட்டடமொன்றைப் பண்டகசாலை என்றும், தென்பகுதியிலிருந்த தொட்டிகளை மெல்லிய துகிலுக்குச் சாயமூட்டியவை என்றும் அவர் கூறியதைப் பின்வந்தோர் அப்படியே ஏற்கவில்லை.

மேலும் எண்ணற்பாலது யாதெனில், இவ்வோடுகள் இன்று ஓரிடத்தில் இல்லை என்பது. பிரெஞ்சுக்காரர் காலத்துச் சேகரிப்பின் ஒரு பகுதி ஹனோய் நகருக்கும், கசால் கண்டெடுத்தவற்றுட் சில பாரிஸ் நகரத்துக் கீமே நூதனசாலைக்கும் சென்றன. சென்னையிலும் புதுச்சேரியிலும் உள்ளவை ஏனையவை. அகழ்ந்தெடுத்தவை எங்கிருந்தாலும் அவற்றுக்கு அறிக்கையுண்டு. எந்தக் குழியில், எத்தனை அடி ஆழத்தில், எவற்றோடு கிடந்தன என்னுங் குறிப்புண்டு. பெக்லி நாற்பதாண்டு கழித்து வீலரை மறுத்தற்கு இயன்றது, வீலர் அக்குறிப்புகளைச் செவ்வனே எழுதிவைத்தமையாலன்றோ? தம் முடிவைப் பிறர் மறுத்தற்கு வேண்டிய சான்றையும் தாமே விட்டுச் சென்றது வீலரின் பெருமை. சிறுவர் மேற்பரப்பிற் பொறுக்கி விற்ற மணிகளுக்கும் ஆறு கரையரித்துக் கொண்டுபோன ஓடுகளுக்கும் அக்குறிப்பில்லை. அகஸ்தஸ் தலை எனப்பட்ட மணிக்கல்லும் அவ்வகையினதே. அழகிய பொருள்தான், ஆனால் எந்த அடுக்கின் காலத்தையும் அதனாற் கூற இயலாது.

இனி ஈழத்துக்கு வருவோர், பொரளையிலிருந்து அதிக தூரமில்லாத கறுவாத்தோட்டத்தில், 1877ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையின் நாணயங்களை இதே கண்கொண்டு நோக்கலாம். இலங்கையில் உரோம நாணயங்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன எனக் கேட்போர், பொற்காசுகளை எதிர்பார்ப்பர். 6ஆம் நூற்றாண்டிலே கொஸ்மஸ் என்னும் கிரேக்க எழுத்தாளர் எழுதிய கதையும் அவ்வெதிர்பார்ப்பை வளர்க்கும். உரோம வணிகனான சொப்பாத்திரனும் பாரசீகன் ஒருவனும் இலங்கை மன்னன் முன் தத்தம் அரசரே பெரியரென வழக்காடினர் எனவும், சொப்பாத்திரன் இரு நாட்டு நாணயங்களையும் வரவழைத்துத் தன் நாட்டுப் பொற்காசையும் பாரசீகத்து வெள்ளிக்காசையும் காட்டி வென்றான் எனவும் அக்கதை கூறும். மண்ணோ வேறு கதை கூறுகின்றது. இத்தீவிற் கிடைத்த உரோமப் பொற்காசுகள் மிகச் சில. கிடைத்தவற்றுட் பெரும்பாலன கி. பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த, விரல் நகத்தளவான தேய்ந்த செப்புக்காசுகள். அவற்றுள்ளும் ஒரு பங்கு உரோமாபுரியில் அடிக்கப்பட்டவையல்ல. உரோமக் காசைப் பார்த்து இத்தீவிலேயே செய்துகொண்டவை என்பது நாணய ஆய்வாளர் முடிபு. தென்கரையில் மாத்தறைப் பகுதியிற் கிடைத்த குவியல்களில் இவ்வகை காணப்படுகின்றது. பேரரசன் முகம் கோடுகளாகச் சுருங்கி, எழுத்துக்கள் வெறும் புள்ளடிகளாகிவிட்ட காசு அது. அதனை அடித்தவனுக்கு இலத்தீன் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. சந்தையிற் சில்லறைக் காசுக்குத் தட்டுப்பாடு. தட்டுப்பாட்டை அவன் தீர்த்தான். இவ்வாறு நோக்கின், அக்காசு உரோமர் வரலாற்றுக்கு உரியதினும் ஈழத்துச் சந்தையின் வரலாற்றுக்கே பெரிதும் உரியது.

கந்தரோடைக்கு இந்நோக்கு இன்னும் அவசியமானது. போல் பீரிஸ் 1917, 1919ஆம் ஆண்டுகளில் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரைகள் வாயிலாக அவ்வூரை உலகறியச் செய்தார். முத்திரை குத்திய பழைய இந்திய வெள்ளிக்காசுகளும், உரோம நாணயங்களும், கண்ணுக்கு மைதீட்டும் செப்புக்கோல்களும் அங்கு கிடைத்தன. மைக்கோலைக் கண்டதும் அவர் நினைவு எகிப்துக்குச் சென்றது. பின்வந்த ஆய்வுகள், அயல்நாட்டுக் காசு அவ்வூருக்கு வருமுன்னரே கருஞ்செம்மட்கலம் வனைந்து வாழ்ந்த குடிகளை அங்கே காட்டின. நல்லூரில் நாவலர் வீதியிலுள்ள யாழ்ப்பாணத் தொல்பொருள் நூதனசாலையிற் கந்தரோடைப் பொருள்கள் சில வைக்கப்பட்டுள்ளன. வாசலில் ஒல்லாந்தர் பீரங்கிகளும், உள்ளே விக்டோரியா அரசியாரின் பெரிய ஓவியமும் உள்ள அச்சிறு கூடத்திற் புகுவோர், கந்தரோடையிற் கிடைத்த புத்தர் சிலைகளின் முன் நிற்பது இயல்பு. சிலையை நோக்கியபின், அருகிலுள்ள சிறு பொருள்களின் பெயர்ச்சீட்டையும் படித்து, எவ்விடத்தில் எவ்வடுக்கில் எடுத்தது என்னுங் குறிப்பு அதில் உண்டா இல்லையா எனப் பார்ப்பது மாணவர்க்கு நல்ல பயிற்சி. குறிப்புள்ள ஓடு சான்று. குறிப்பில்லாதது நினைவுப்பொருள்.

தமிழ்நாட்டுக் கரையில் உரோமர் ஓடு கிடந்தமையால் அது உரோமர் ஊராகாது என்பதற்குக் கடலின் மறுகரையே சான்று பகரும். எகிப்து நாட்டுச் செங்கடற் கரையில் உரோமர் ஆண்ட துறைமுகங்கள் இரண்டு அகழப்பட்டுள்ளன. பெரெனிக்கே என்னுந் துறையிற் கிடைத்த அம்போரா ஓடொன்றிலே கொற்றபூமான் என்னும் பெயர் தமிழ்ப் பிராமியில் உள்ளது. குசைர் அல் கதீம் என்னுமிடத்திற் கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் பொறித்த ஓடுகள் முன்னரே கிடைத்திருந்தன. 2007ஆம் ஆண்டில் அவ்வூர்ச் சாடியொன்றின் உடைந்த துண்டு ஐராவதம் மகாதேவனின் பார்வைக்கு வந்தது. அதன் இருபுறத்தும் ஒரே தொடர் இருமுறை எழுதப்பட்டிருந்தது. ‘பானை ஒறி’ என அவர் அதனைப் படித்தார். உறியிலே தொங்கவிடும் பானை என்பது பொருள். அதை எழுதியவன் வணிகனோ மாலுமியோ அறியோம். அரெற்சோக் குயவன் தன் பெயரைத் தட்டின் அடியிற் பொறித்து விற்றான். இவனோ உரோமரின் துறையிலிருந்துகொண்டு, எறும்புக்கும் எலிக்கும் எட்டாமற் கட்டித்தூக்கும் தன் பானைக்கு அடையாளம் எழுதி வைத்திருக்கின்றான்.